போல்ட்டஸ்க்: ஒன்பது டைலா பத்து டைலா? (நாலு ஸ்டார் பட்டியல் பஞ்சாயத்து)

செங்கொம்பன்:
எம்பயர்ஸ் அண்ட் பஸில்ஸ்னு நாம ஆடுற, ஒரே நிற டைல மூணு மூணா சேக்குற போன் கேம்ல, சீசன் 1 நாலு ஸ்டார் ஹீரோக்களுக்கு நம்ம கணக்குப்புலி மார்க் போட்டு ஒரு பட்டியல் விட்டிருக்கார், பாத்தீங்களா? போல்ட்டஸ்க்குக்கு பத்துக்கு மூணு. மூணாம்! பக்கத்துல ஒரு வரி வேற, "பத்து டைல் கேக்குற ஹீலர், காலம் முடிஞ்சிருச்சு, இனிமே இவர லெவல் ஏத்துறது ஃபீட் வேஸ்ட்" (ஃபீட்னா லெவல் ஏத்த பலி குடுக்குற ஹீரோக்கள்). இதப் படிச்சிட்டு சும்மா போலாம்னு தான் பாத்தேன், முடியல. ஸ்பெஷல் ஸ்கில் கெளம்ப ஹீரோவோட நிறத்து டைல சேத்து மேனா (சக்தி) நெறைக்கணும், அதுக்கு பத்து டைல்னு எந்த பிடியப் (போல்ட்டஸ்க்கோட செல்லப் பேர்) பாத்து எழுதுனீங்க சார்? காஸ்ட்யூம் (ஹீரோவோட மாற்று உடுப்பு) முழுசா ஏத்தி முடிச்சா மேனாவுக்கு 5% போனஸ், ஒரிஜினல் உடுப்புல ஆடினாலும் அந்த போனஸ் கூடவே வரும், அதோட மேனா ட்ரூப்ஸ் (ஹீரோ கூட அனுப்புற, மேனா வேகத்தக் கூட்டுற படை) சேந்து மொத்தம் 11 சொச்சம் சதவீதம் தாண்டுச்சுன்னா ஆவரேஜ் வேக ஹீரோ ஒன்பது டைல்லயே நெறஞ்சுடுவான். ஒன்பதுன்னா மூணு மூணா மூணே மேட்ச். ஃபாஸ்ட் ஹீரோவுக்கு எட்டு டைல், அதுக்கும் மூணு மேட்ச் தான் வேணும், ஏன்னா ரெண்டு மேட்ச்ல ஆறு தான் வரும். ஆக பிடி கையில ஃபாஸ்ட் ஹீரோ மாதிரியே ஓடுறார். எல்லாருக்கும் 36% ஹீல், எல்லாருக்கும் 48% அட்டாக், நாலு டர்ன். இதுக்கு மூணு மார்க்கா?

கணக்குப்புலி:
வந்துட்டாருய்யா வக்கீலு. கார்டுல ஆவரேஜ்னு போட்டிருக்கா இல்லயா? ஆவரேஜ்னா பத்து. நான் ஹீரோவுக்கு மார்க் போட்டேன், உங்க ட்ரூப்ஸுக்கு போடல. ட்ரூப்ஸ கணக்குல எடுத்தா மத்த ஆவரேஜ் ஹீரோக்கள் கிரிம்மும் ஒன்பது, டிபர்டஸும் ஒன்பது, கிரிலும் ஒன்பது. எல்லாருக்கும் கெடைக்குற சலுகைய ஒருத்தருக்கு மட்டும் பட்டம் கட்டி விடாதீங்க. பத்து.

செங்கொம்பன்:
ட்ரூப்ஸ் இல்லாம யாருங்க ஆடுறா? ஹீரோவ வெறுங்காலோட அனுப்புறீங்களா? ஒன்பது.

தங்கபுஷ்பம்:
எதுக்கு நல்லவர், எதுக்கு மோசம்னு பேசுறீங்க? டைட்டனுக்கா (கூட்டணியா சேந்து அடிக்கிற ராட்சசன்), வாருக்கா (கூட்டணிக்கு கூட்டணி சண்ட), டோர்னமென்டுக்கா, இல்ல டிஃபென்ஸ்லயா? அத முதல்ல சொல்லிட்டீங்கன்னா பாதி சண்ட முடிஞ்சிடும்.

கணக்குப்புலி:
போர்டுல செங்குத்தா ஏழு வரிசை, படுக்கையா அஞ்சு வரிசை, மொத்தம் 35 டைல். நிறம் அஞ்சு. அப்ப சராசரியா சிவப்பு எத்தன இருக்கும்? ஏழு. அந்த ஏழும் பக்கத்து பக்கத்துலயா உக்காந்திருக்கும்? மூலைக்கு ஒண்ணா கெடக்கும். மூணு சிவப்பு மேட்ச் தொடர்ந்து மூணு டர்ன்ல வந்துடும்னு கனவு காணுறவங்க தான் ஒன்பதுன்னு சொல்லிட்டுத் திரிவாங்க. நெசத்துல பிடி ஆறு ஏழு டர்ன் ஆனப்புறம் தான் கண்ணத் தொறப்பார், அதுக்குள்ள எதிராளி டாங்க் (நடுவுல நிக்கிற ஹீரோ) ரெண்டாவது தடவ அடிச்சிருப்பான். பத்து பத்து தான்.

செங்கொம்பன்:
போர்டு மோசமா வந்தா யாருக்கு தான் நெறயும்? வெரி ஃபாஸ்ட் ஏழு டைல் ஹீரோவும் தான் பல்லக் காட்டிட்டு நிப்பான். போர்டு ராசியில்லன்னு பிடி மார்க்க கொறச்சா அது என்ன நியாயம்? இன்னொண்ணு, நாலு பேர் சிவப்ப நிறுத்தி வெச்சு ஒரு பச்ச டாங்க்க அடிக்கும்போது ஒரு சிவப்பு டைல் போனா நாலு பேருக்கும் மேனா ஏறுது, நாலு பேரோட அடியும் விழுது. டாங்க் செத்துட்டா அவன் நின்ன செங்குத்து வரிசை காலியா இருக்கும், அது வழியா போற டைலுக்கு டபுள் மேனா. இதெல்லாம் ஆடிப் பாத்தவனுக்குத் தெரியும், எக்ஸெல் ஷீட்டத் தொறந்து வெச்சு உக்காந்திருக்கறவருக்குத் தெரியாது. அந்த வேகத்துல பிடி நெறஞ்சு 48% ஏத்தி விட்டா அடுத்து போற ஒவ்வொரு சிவப்பு டைலும், ஸ்பெஷலும், எல்லாமே ஏறும். ஹீலர்னு மட்டும் எழுதி வெச்சிருக்கீங்களே, அவர் ஹீலரா அட்டாக் பஃபரான்னு கூட புரியாம எழுதிருக்கீங்க, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ராத்திரிரெய்டு:
டபுள் மேனான்னா அப்ப பத்துமில்ல ஒன்பதுமில்ல, அஞ்சு டைல் தான். ரெண்டு பேரும் தப்பு, நான் தூங்கப் போறேன்.

கணக்குப்புலி:
எக்ஸெல் ஷீட்டா? அந்த ஷீட்டு தான் உங்க கூட்டணில பாதிப்பேர் போன்ல இருக்கு தல. நீங்க உட்பட. டாங்க் செத்தப்புறம் டபுள் மேனா வந்து என்ன, வராட்டி என்ன, டாங்க் செத்துட்டா ஜெயிச்ச மாதிரி தான், அங்க பிடி எதுக்கு? நான் கேக்குறது தொடக்கத்துல. தொடக்கத்துல பத்து.

செங்கொம்பன்:
ஒன்பது. தொடக்கத்துலயும் ஒன்பது. ட்ரூப்ஸ் போனஸ் மொத டைல்லேந்தே உண்டு.

மௌனவிரதம்:
ஒருத்தர் ஒன்பதுங்கறார், ஒருத்தர் பத்துங்கறார். ஒரு நாலு மேட்ச் அமஞ்சா 4, 3, 3 பத்து வந்துடும், அப்பவும் மூணே நகர்த்தல் தான். கூடவே ஒரு டிராகனும் (வெடிக்கிற ஸ்பெஷல் டைல்) கெடைக்கும். இத ரெண்டு பேரும் கண்டுக்கவே மாட்டீங்களா?

செங்கொம்பன்:
பாத்தீங்களா, மௌனவிரதமே ஒத்துக்கிட்டார்.

மௌனவிரதம்:
நான் எதையும் ஒத்துக்கல.

கணக்குப்புலி:
அவர் என் பக்கம் தான் பேசினார், பத்துன்னு தெளிவா எழுதிருக்கார். படிக்கத் தெரியலன்னா நான் என்ன பண்ண.

மேனாமாரி:
க்ரிட் ட்ரூப்ஸ் (மேனாவுக்கு பதிலா க்ரிட்டிகல் அடியக் கூட்டுற படை) போட்டு ஆடுறவங்க நாங்கெல்லாம் மனுஷங்க இல்லயா? சிவப்புக்கு என்கிட்ட க்ரிட் தான் நல்ல லெவல்ல இருக்கு. எனக்கு பிடி பத்து தான்.

செங்கொம்பன்:
அக்கா, மேனா ட்ரூப்ஸ ஏத்தாம க்ரிட் ஏத்துனது உங்க முடிவு, அதுக்கு பிடி என்ன பண்ணுவார் பாவம். நாலு ஸ்டார் மேனா ட்ரூப்ஸ் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒண்ணு ஏத்தி வெக்கிறது தான் இந்த கேம்ல அரிச்சுவடி.

மேனாமாரி:
அரிச்சுவடியா? நான் இந்த கேம் வந்த 2017லேந்து ஆடுறேன். நீங்க எப்ப வந்தீங்க?

செங்கொம்பன்:
வருஷக் கணக்கு பாத்து எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல அக்கா. ஆனா பேருல மேனாவ வெச்சுக்கிட்டு க்ரிட் ட்ரூப்ஸ் ஏத்துறீங்க பாருங்க, அது தான் எனக்கு செரிக்கல.

வார்கேப்டன்:
நான் ஒண்ணு சொல்லட்டுமா. வார்ல ஆறு கொடி (தாக்குற வாய்ப்பு), கொடிக்கு அஞ்சு ஹீரோ, ஒரு ஹீரோவ ஒரு தடவ தான் எடுக்கலாம், மொத்தம் முப்பது பேர் வேணும். முப்பதும் புது ஹீரோவா வெச்சிருக்கறவங்க இங்க எத்தன பேர்? அஞ்சாவது ஆறாவது கொடிக்கு வரும்போது ஹீலர் தீந்து போயிருக்கும், அங்க பிடி மாதிரி ஆளு இருந்தா சிவப்பு டீம் நிக்கும். சிவப்பு ஹீரோக்கள் வில்பர், ஃபால்கன், பிடி மூணு பேரும் ஒண்ணா வந்தா இன்னிக்கும் அடி விழத் தான் செய்யுது. இதுல ஒன்பது பத்து பெரிய விஷயமே இல்ல.

கணக்குப்புலி:
கேப்டன், வார்ல கொடி பத்தி பேசுறீங்க சரி. இங்க ஒருத்தர் போன வருஷம் என் கூட்டணில இருந்தப்ப வார் நாள்ல கொடிய அப்படியே கெடப்புல போட்டுட்டு, காலைல ஒரு சாரி கூட சொல்லாம வெளிய போனார். பேர் சொல்லல. கொம்பு மட்டும் இருக்கும்.

செங்கொம்பன்:
ஓ, அங்க வந்துட்டீங்களா. இதுக்குத் தான் காத்திருந்தேன். நான் ஏன் போனேன்னு எல்லாருக்கும் சொல்லுங்க பாப்போம்? வாருக்கு எல்லாரும் நீல டாங்க் தான் வெக்கணும்னு உத்தரவு போட்டீங்க, நான் என் டிஃபென்ஸ்ல பிடிய நடுவுல வெச்சிருந்தேன்னு சாட்ல எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணீங்க, "மியூசியம் தொறந்தாச்சு"ன்னு. அன்னிக்கு எழுதுனத தான் இன்னிக்கு பட்டியலா போட்டிருக்கீங்க. இது ஹீரோ மார்க் இல்ல, பழைய பகை. ஒரு காலத்துல நாலு ஸ்டார் டாங்க்னா முதல்ல வர்ற பேரே பிடி தான், ஃபைட்டர் க்ளாஸ், செத்தாலும் சில நேரம் எந்திரிச்சு வருவார், அந்த ஆள நடுவுல வெச்சதுக்கு கிண்டல்.

கணக்குப்புலி:
"ஒரு காலத்துல". நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

செங்கொம்பன்:
முழுசா படிங்க.

கணக்குப்புலி:
முழுசா படிச்சேன், எங்கயும் ஒன்பது டைலுக்கு ஆதாரம் இல்ல.

செங்கொம்பன்:
ஆதாரமா? பத்த 1.1ஆல வகுத்தா 9.09, அதாவது 10% போனஸ் பத்தாது. 11.2%னு வெச்சு வகுத்தா ஒன்பதுக்கு ஒரு நூலு கீழ வரும். அஞ்சாங்கிளாஸ் வகுத்தல். பேருல கணக்கு இருக்குறவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கு.

கணக்குப்புலி:
வகுக்க எனக்கும் தெரியும் தம்பி. எனக்கு வேண்டியது கார்டுல என்ன போட்டிருக்குன்னு.

செங்கொம்பன்:
தம்பியா? யாருக்கு யார் தம்பி?

புதுவரவு:
அண்ணன்களா, நான் இப்ப தான் ஆட ஆரம்பிச்சேன். எனக்கு பிடி வந்திருக்கார். ஏத்தலாமா வேணாமா?

செங்கொம்பன்:
ஏத்து. யோசிக்காத. ஸ்பெஷல் ஸ்கில் 8 வர்ற வரைக்கும் சிவப்பு ஃபீட் மட்டும் போடு, வேற நிறம் போட்டா ஸ்கில் ஏறாது.

கணக்குப்புலி:
ஏத்தாத. வேற ஹீலர் வர்ற வரைக்கும் பொறு. இப்ப ஓவர்ஹீல் (முழு உயிரையும் தாண்டுற ஹீல்) குடுக்குறவங்க, மினியன் (குட்டி உதவியாள்) விடுறவங்கன்னு எத்தனையோ பேர் வந்தாச்சு. அதுமட்டும் இல்ல, எதிராளி ஃபீண்ட் (ஹீல உறிஞ்சுற குட்டிப் பேய்) ஒட்ட வெச்சா பிடி குடுக்குற ஹீல் முழுக்க ஃபீண்ட் வாயிலயே போயிடும்.

செங்கொம்பன்:
அது தான் ஃபீண்ட கழட்டுற வழியே! ஹீல குடிச்சு குடிச்சு தான் ஃபீண்ட் சாகும். ஹீலர் இல்லாத டீம்ல ஃபீண்ட் ஒட்டுச்சுன்னா அது சுலபத்துல எறங்காது. 36% ஒரே தடவைல எல்லாருக்கும் குடுத்தா எத்தன ஃபீண்ட் விழும்னு பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க, பிடிய அனுப்பியிருந்தா தான பாக்க. பையனக் கெடுக்காதீங்க.

புதுவரவு:
சரி அண்ணா... அப்ப ஒன்பதா பத்தா?

மௌனவிரதம்:
தம்பி ஓடிரு.

தங்கபுஷ்பம்:
நான் மறுபடியும் கேக்குறேன். நாலு ஸ்டார் டோர்னமென்ட்ல ரஷ் அட்டாக் விதி வந்தா எல்லா ஹீரோவும் வெரி ஃபாஸ்டா மாறிடுவாங்க. அங்க ஒன்பதும் கெடையாது பத்தும் கெடையாது. டைட்டன்ல வேற கதை, அங்க வூ காங்னு ஒரு ஹீரோ அட்டாக்க 185% ஏத்துறார், அடி கொஞ்சம் மிஸ் ஆனாலும் டைல் அடிக்கு அவர மிஞ்ச முடியாது, ரெண்டு அட்டாக் பஃபும் ஒண்ணா நிக்காது, அதனால பிடி அங்க வெறும் ஹீலர் தான். இடத்துக்கு இடம் மார்க் மாறும். ஒரே மார்க்கா மூணுன்னு போட்டதும் தப்பு, அதுக்கு ஒன்பதுன்னு பதில் சொல்றதும் பொருத்தமில்ல.

கணக்குப்புலி:
மேடம் பிடி வெறும் ஹீலர்னு சொன்னதுக்கு நன்றி.

செங்கொம்பன்:
டைட்டன்லன்னு சொன்னாங்க, டைட்டன்ல! வரிய வெட்டி ஒட்டுறது உங்களுக்குப் புதுசா? மேடம், ரஷ் அட்டாக்னு நீங்க சொன்னது நூத்துக்கு நூறு எனக்கு சாதகம், வேகம் ஒரு பிரச்சனையே இல்லன்னா 36% ஹீலும் 48% அட்டாக்கும் ஒரே ஸ்கில்ல குடுக்குற நாலு ஸ்டார் சீசன் 1ல வேற யாரு? கிரில் 30% அட்டாக் 30% டிஃபென்ஸ், அதுவும் நல்லது தான், நான் கொற சொல்லல, ஆனா அடிக்கப் போற டீமுக்கு பிடி தான். கணக்குப்புலி பட்டியல்ல கிரிலுக்கு ஏழு போட்டிருக்கார்! கிரிலும் ஆவரேஜ் தான! அவருக்கு பத்து டைல் உறுத்தல, பிடிக்கு மட்டும் உறுத்துதா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நான் போயிடுறேன்.

கணக்குப்புலி:
கிரில் வேற.

செங்கொம்பன்:
எப்படி வேற?

கணக்குப்புலி:
டிஃபென்ஸ் இருக்கு. இவ்ளோ தான் சொல்வேன். ஒவ்வொருத்தருக்கும் பாடம் எடுத்துட்டு இருக்க முடியாது.

செங்கொம்பன்:
டைலப் பத்தி கேட்டேன், டிஃபென்ஸ் பத்தி கேக்கல. ஒன்பதுன்னு ஒரு தடவ டைப் பண்ணா விரல் தேஞ்சிடாது.

ஊதாக்கோட்டை:
இவ்ளோ நேரம் படிச்சதுல ஒருத்தர் கூட ரிகார்ட்ங்கற ஹீலர் பேர எடுக்கல. 42% ஹீல், கூடவே க்ளென்ஸ். விஷம், குருட்டு, டிஃபென்ஸ் டவுன் எல்லாம் ஒரே ஊதுல போயிடும். பிடி ஹீல் பண்ணா விஷம் அப்படியே உக்காந்து திங்கும். நாலு ஸ்டார்ல ஹீலர்னா ரிகார்ட், மத்தவங்கெல்லாம் அப்புறம்.

செங்கொம்பன்:
இப்ப இவர் வேற. ரிகார்ட் அட்டாக் எவ்ளோ ஏத்துறார்? பூஜ்யம். க்ளென்ஸ் பண்ணி சுத்தமா நின்னு என்ன பண்றது, எதிராளிய யாரு கொல்றது?

ஊதாக்கோட்டை:
உயிரோட இருந்தா தான கொல்லலாம். குருட்டு விழுந்த டீமுக்கு 48% ஏத்தி விட்டா என்ன, 480% ஏத்தி விட்டா என்ன, அடி தான் படாதே.

கணக்குப்புலி:
ஊதாக்கோட்டை அண்ணே, நல்லா கேளுங்க. நானும் ரிகார்டுக்கு எட்டு போட்டிருக்கேன்.

ஊதாக்கோட்டை:
எட்டு தானா? ஒன்பதரை போட வேண்டிய ஆளுக்கு எட்டா? யோவ் அந்தப் பட்டியல எந்த அடிப்படைல தான்யா போட்டீங்க?

செங்கொம்பன்:
அண்ணே, அவர விடுங்க, மொதல்ல குருட்டுக்கு வர்றேன். குருட்டு விழுந்தா எல்லா அடியுமா தப்புது? கொஞ்சம் தான் தப்பும், படுற ஒவ்வொண்ணும் 48% ஏறிப் படுது. நீங்க க்ளென்ஸ் பண்ணிட்டு அடுத்த டர்னே அவன் மறுபடி குருட்டு போட்டா என்ன பண்ணுவீங்க, அதச் சொல்லுங்க.