பச்சை மொச்சையும் மாப்பிள்ளைச் சம்பாவும்: கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம். இந்தத் தையிலிருந்து அந்தந்தப் பருவத்தில் விளைகிற, மருந்தடிக்காத காய்களை மட்டும்தான் சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம், வழிகாட்டி பாட்டியின் பழைய சமையல் புத்தகம். அதில் எல்லாமே பலம், ஆழாக்குக் கணக்கு. பலத்துக்கு 35 கிராம், ஆழாக்குக்கு 168 மில்லி என்று வைத்துச் சமாளித்துவிடுகிறேன்.

சிக்கல் மாப்பிள்ளைச் சம்பாவில்தான். புத்தகத்தில் இருக்கிறபடி ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்தேன், ராத்திரி முழுக்க ஊறவைத்து 6 விசில் விட்டும் நடுவில் விறைப்பாகவே நிற்கிறது. தவிடு நீக்காத அரிசி, தண்ணீர் கூடுதலாக வேண்டும், சரி, எவ்வளவு?

அப்புறம், பச்சை மொச்சை வரத்து நிற்பதற்குள் பாட்டி வைத்த அந்தப் புளிக்குழம்பை ஒருமுறையாவது வைத்துவிட ஆசை. மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கிப் போடுவீர்களா, தோலோடா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.