சுருக்குவது முதலிலா, மறைப்பது முதலிலா?

பச்சைத்திரை:
மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியிலிருந்து பெரிய கோப்பை வெளியே அனுப்பும்போது முதலில் மறையாக்கம் செய்துவிட்டு, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டு, பிறகு சுருக்குவதே பாதுகாப்பானது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் காலைக் காப்பி கசந்துவிட்டது. 80 பைட் பதிவில் பெயருக்கு 40 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு எழுத்துப் பெயர் இருந்தால் மீதி 36 பைட்டும் வெற்றிடம்; மெயின்பிரேமின் எழுத்துக் குறியீட்டு முறையான எப்சிடிக்கில் அது எக்ஸ்-40 (பதினாறடிமானத்தில் 40) என்னும் ஒரே மதிப்பு. சுருக்கும் நிரலுக்குத் தீனியே அந்த வெற்றிடம்தான். ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறை கொண்டு மறைத்த பிறகு அது இருந்த தடமே தெரியாது. அதன்மேல் ஜிசிப் என்னும் சுருக்கும் நிரலை ஓட்டினால் கோப்பு சில பைட் கூடுமே தவிரக் குறையாது.

சாவிக்கொத்து:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 2012-இல் வெளிவந்த, உலாவி மறைத்து அனுப்பும் கோரிக்கைகள் மீதான கிரைம் தாக்குதல் தங்கள் காதுக்கு எட்டவில்லையா? சுருக்கிவிட்டு மறைத்ததால்தான் அதில் அளவை வைத்தே ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். அளவு கசியும், ஐயா.

பச்சைத்திரை:
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். கிரைமில் தாக்குபவர் தன் சொந்த எழுத்துகளை உலாவியின் கோரிக்கைக்குள் திரும்பத் திரும்ப நுழைத்து, ஒவ்வொரு முறையும் அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். இரவு இரண்டு மணிக்கு ஆள் தலையீடின்றி ஓடும் பேட்ச் வேலையின் கோப்புக்குள் எவர் வந்து எழுத்தை நுழைக்கிறார்? 36 வெற்றிடத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

சாவிக்கொத்து:
ஏஇஎஸ்ஸையே இசிபி முறையில், அதாவது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஒரே சாவியால், மறைத்தால் ஒரே மாதிரியான 16 பைட் துண்டுகள் மறைத்த பின்னும் ஒரே மாதிரியே இருக்கும், அதனால் சுருங்கும். எனவே 'குறையாது' என்று நீங்கள் எழுதியது பிழை.

பச்சைத்திரை:
பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைப்பவர்கள்தான் இசிபியில் கோப்பு அனுப்புவார்கள். பாதுகாப்பு என்று தொடங்கியவர் வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

இரவுப்பணி:
குறியாக்கம் செய்த கோப்பை ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பி நானும் பட்டிருக்கிறேன். ஏமாடெர்ஸ் என்னும் மெயின்பிரேம் நிரலில் சுருக்கிய கோப்பை, கோப்பு அனுப்பும் எஃப்டிபியில் பைனரி (பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பு) என்று சொல்ல மறந்து டெக்ஸ்ட் முறையில் அனுப்பிவிட்டேன். எப்சிடிக்கை மற்றக் கணினிகளின் குறியீடான ஆஸ்கியாக்குகிறேன் என்று அது பைட்டுகளை மாற்றிவைக்க, மறுமுனையில் கோப்பு திறக்கவே இல்லை.

பச்சைத்திரை:
தம்பி, நீங்கள் செய்தது சுருக்கம். எப்சிடிக் என்பதுதான் குறியாக்கம். ஏஇஎஸ் செய்வது மறையாக்கம். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்தக் குழுவில் பாதிச் சண்டை நடக்கிறது.

இரவுப்பணி:
கலைச்சொல் வகுப்புக்கு நன்றி. நான் சொல்ல வந்தது பைனரியைப் பற்றி.

சாவிக்கொத்து:
அவருக்கு எல்லோரும் மாணவர்கள்தான். போன தீபாவளிக்கு அவருடைய ஜேசிஎல்லில் (மெயின்பிரேம் வேலைக்கான கட்டளை வரிகளில்) நான் பிழை காட்டியதிலிருந்தே இந்தக் கோபம். மேலும், 2017-இல் ஐபிஎம்மின் இசட்14 மெயின்பிரேம் வந்தபோதே டேட்டாசெட் (மெயின்பிரேமில் கோப்புக்கு அதுதான் பெயர்) முழுவதையும் மறையாக்கலாம் என்றாகிவிட்டது. அதை அப்படியே அனுப்பினால் போயிற்று.

பச்சைத்திரை:
பிழையன்று, காற்புள்ளி. அது கிடக்கட்டும். டேட்டாசெட் மறையாக்கம் வட்டில் இருக்கும் வரைதான் காவல். அனுமதி பெற்ற எஃப்டிபி அதைப் படித்ததும் தரவு திறந்த நிலையில்தான் கைக்கு வரும். அனுப்பும் பாதைக்கு டிஎல்எஸ்ஸோ, கோப்புக்கே ஓபன்பிஜிபியோ என இன்னொரு மறையாக்கம் தனியாக வேண்டும். அதோடு, சுருக்கமும் மறையாக்கமும் இரண்டும் கேட்ட டேட்டாசெட்டை மெயின்பிரேமின் இயங்குதளமான இசட்ஓஎஸ் எந்த வரிசையில் எழுதுகிறது தெரியுமா? முதலில் சுருக்குகிறது, பிறகுதான் மறைக்கிறது. 2019-இன் இசட்15-இல் சுருக்கும் வேலைக்கென்றே சில்லுக்குள் தனிப் பகுதி வைத்துவிட்டார்கள். நேரம் வீணாகும் என்னும் சாக்கும் போயிற்று.

சாவிக்கொத்து:
நேரத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. ஐபிஎம் செய்வதெல்லாம் வேதம் என்றால் நமக்கு எதற்கு மூளை? அளவு கசியும் என்றேன். கசியாது என்று இன்னும் நீங்கள் எழுதவில்லை.

பச்சைத்திரை:
40-இல் 36 வெற்றிடம் என்றேன். அதை மறைத்த பின் எப்படிச் சுருக்குவீர்கள் என்று நீங்களும் இன்னும் எழுதவில்லை.

இரவுப்பணி:
பைனரி என்று சொல்ல மட்டும் மறந்துவிடாதீர்கள்.