தோட்டத்து வீடு குழு: தொட்டியும் மோட்டாரும் பேசிக்கொண்ட கதை

[சனி, பிற்பகல் 3:12]

கார்த்தி: லோரா மோடம் (வெகுதூரம் பேசும் சின்ன ரேடியோ) ரெண்டும் வந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடத்தான். ஈபைட் இ32, 868 வகை. ஒன்று மொட்டை மாடித் தொட்டிக்கு, இன்னொன்று தோட்டத்து மோட்டார் ரூமுக்கு.

சித்தப்பா: ஏன் கண்ணு, செல்போன் ஸ்டார்ட்டரே போட்டிருக்கலாமே?

கார்த்தி: அந்த மூலையில் டவர் எடுக்காதுங்க சித்தப்பா. இதற்கு சிம் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

அம்மா: சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர். ராத்திரி எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

[3:40]

கார்த்தி: திவ்யாக்கா, ஒரு பக்கம் டைப் செய்தால் மறுபக்கம் வெறும் திரை.

திவ்யா: மோடம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் எம்0, எம்1 பின் ரெண்டையும் எங்கே கொடுத்திருக்கிறாய்?

கார்த்தி: எங்கேயும் இல்லை, சும்மா விட்டிருக்கிறேன்.

திவ்யா: அதுதான். சும்மா விட்டால் ரெண்டிலும் வோல்ட் உயர்ந்து, மோடம் தூங்கப் போய்விடும். ரெண்டையும் கிரவுண்டில் கொடு. செட்டிங் மாற்றும்போது மட்டும் 3.3 வோல்ட். அப்போது 9600 வேகத்தில் பேசினால்தான் பதில் வரும். அப்புறம், ஆன்டெனா மாட்டாமல் கரன்ட் கொடுத்துத் தொலைக்காதே, அனுப்பும் பகுதி போய்விடும்.

[3:58]

கார்த்தி: எழுந்துவிட்டது! டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) ஒயரையும் நேருக்கு நேர் போட்டிருந்தேன், குறுக்கே மாற்றினேன். இப்போதைய செட்டிங்கைக் கேட்கும் சி1 சி1 சி1 அனுப்பினால் "சி0 00 00 1ஏ 06 44" என்று பதில் வருகிறது.

திவ்யா: அந்த 06 சேனல். 862-உடன் கூட்டினால் 868 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் இதற்கு விட்டிருப்பது 865 முதல் 868 வரை. நீ வரப்பு மேலேயே நிற்கிறாய். 04 போட்டு 866-க்கு வா, நடு வயல்.

பிரபு: அண்ணா, பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எழுத்து கோணல்மாணலாக வருகிறதே?

திவ்யா: காதுக்குள் போய்க் கத்தினால் யாருக்குப் புரியும்? ஒன்றை வாசலுக்குத் தூக்கிப் போ.

[மாலை 5:20]

கார்த்தி: பிரபு பவர் பேங்கோடு தோட்டத்தில் நிற்கிறான், 700 மீட்டர் இருக்கும். அங்கிருக்கும் மோடத்தில் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரே ஒயரில் சேர்த்துவிட்டோம். நான் அனுப்புவது அப்படியே திரும்பி வரும், அங்கே லேப்டாப் வேண்டாம். 1 முதல் 100 வரை அனுப்பினேன், 58தான் வந்தது.

திவ்யா: போக வர ரெண்டு பயணத்தின் கணக்கு அது, அவ்வளவு மோசமில்லை. ஆன்டெனா எங்கே இருக்கிறது?

பிரபு: என் கையில்தான் அக்கா.

திவ்யா: நேர்க்கோட்டில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. இந்தத் தூரத்துக்கு நடுவழியில் அந்த நேர்க்கோட்டைச் சுற்றி ஏழெட்டு மீட்டர் திறந்திருந்தால் நல்லது. பச்சை ஓலை முழுக்கத் தண்ணீர், அலையைக் குடித்துவிடும். உயரத்தில் ஏற்று.

[6:05]

கார்த்தி: ஜிஐ பைப்பில் கட்டி ரூம் கூரைக்கு மேலே ஏற்றியதும் 91. அப்புறம் மோடம் ரெண்டும் காற்றில் பேசிக்கொள்ளும் வேகத்தை 2.4-லிருந்து 1.2 கிலோபிட்டுக்கு இறக்கினேன், 1ஏ இருந்த இடத்தில் 19. இங்கே வீட்டு மோடத்தை மாற்றிவிட்டு லேப்டாப்போடு தோட்டத்துக்கே போய் அதையும் மாற்றினேன். இப்போது நூற்றுக்கு நூறு!

சித்தப்பா: சரி, தொட்டி திடீரென்று பேசாமல் போனால்? மோட்டார் பாட்டுக்கு விடிய விடிய ஓடுமா?

கார்த்தி: அதை இன்னும் எழுதவில்லை.

சித்தப்பா: முதலில் அதை எழுது. ரெண்டு நிமிடம் சத்தம் இல்லையென்றால் மோட்டார் நிற்க வேண்டும். போர்வெல் என் காசு.

[இரவு 8:45]

கார்த்தி: எழுதியாகிவிட்டது. அங்கே அடாப்டரில் மாட்டிவிட்டேன், பவர் பேங்கையும் கழற்றவில்லை, காலையில் எடுத்துக்கொள்கிறேன்.

பிரபு: அண்ணா, அந்த பவர் பேங்க் என்னுடையது. வரும்போதே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அடாப்டரில்தான் ஓடுகிறது.

[ஞாயிறு, காலை 6:10]

அம்மா: வாசல் தெளித்ததோடு தண்ணீர் தீர்ந்தது. குழாயில் காற்றுதான் வருகிறது. இன்ஜினியர் இன்னும் எழவில்லை.

கார்த்தி: பைப் சாய்ந்திருக்கும். பிரபு, பாரடா.

பிரபு: நேராகத்தான் நிற்கிறது. விளக்கும் எரிகிறது.

அம்மா: அப்பாரு சொல்லச் சொல்கிறார். ராத்திரி பத்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததாம். கொஞ்ச நேரத்தில் கரன்ட் போய்விட்டதாம். திரும்பி வந்த பிறகு விழும் சத்தமே இல்லையாம்.

திவ்யா: கரன்ட் போய் வந்த பிறகா? கார்த்தி, தோட்டத்து மோடத்தில் சி1 கேட்டுப் பார்.

[6:52]

கார்த்தி: "சி0 00 00 1ஏ 04 44". பழையபடி 1ஏ! நான் 19 தானே போட்டேன்.

திவ்யா: முதல் எழுத்து என்ன போட்டு அனுப்பினாய்? சி0-வா, சி2-வா?

கார்த்தி: ஐயோ. சி2. மத்தியானம் சோதித்துப் பார்த்த வரியையே ஒட்டியிருக்கிறேன்.

திவ்யா: சி2 போட்டால் கரன்ட் இருக்கும் வரைதான். போனால் மறந்துவிடும். சி0 போட்டால்தான் உள்ளே பதியும். சேனலைப் பதித்திருக்கிறாய், வேகத்தைப் பதிக்கவில்லை. ஒருவர் 1.2-இல் பேசினால் 2.4-இல் இருப்பவருக்குக் கேட்காது.

சித்தப்பா: மோட்டார் நின்றது பார்த்தாயா? நான் சொன்ன ரெண்டு நிமிடம்.

[7:30]

கார்த்தி: ரெண்டிலும் சி0 போட்டுவிட்டேன். சித்தப்பா, மெயினை இறக்கி ஏற்றிப் பாருங்க.

சித்தப்பா: மூன்று தடவை இறக்கி ஏற்றினேன். மூன்று தடவையும் தானாகவே எடுத்துக்கொண்டது.

அம்மா: தண்ணீர் விழுகிறது. அப்பாரு காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார். மேசையைக் காலி செய், இட்லி ஆறுகிறது.