எஸ்கியூஎல் குவெரியில் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) வரிசைப்படுத்தும் ஆர்டர் பை-க்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் வேலை செய்யவில்லை. எஸ்கேப் செய்து ஒட்டலாமா?

தறி84:
பிஎச்பி 8, பிடிஓ (டேட்டாபேஸோடு பேசும் பிஎச்பியின் இடைமுகம்), மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். நிபந்தனை சொல்லும் வேர் (WHERE) பகுதியில் வரும் மதிப்புகள் எல்லாமே பைண்ட் செய்தவைதான், அதாவது குவெரியில் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாக அனுப்புகிறேன். எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் சிக்கல். ஆர்டர் பை-க்குப் பின் கேள்விக்குறி வைத்து நெடுவரிசைப் பெயரை அனுப்பினால் பிழையும் வரவில்லை, பட்டியலும் அசையவில்லை. யூஆர்எல்லில் வருவதை அப்படியே ஒட்டினால் ஓடுகிறது. மேற்கோள் குறிக்கு முன் பின்சாய்கோடு போட்டு எஸ்கேப் செய்துவிட்டால் போதுமா?

நூலிழை:
போதாது, தயவுசெய்து ஒட்டாதீர்கள். பைண்ட் செய்ய முடிவது மதிப்பை மட்டும்தான். நெடுவரிசைப் பெயர், டேபிள் பெயர், ஏஎஸ்சி (ஏறுவரிசை), டெஸ்க் (இறங்குவரிசை) எல்லாம் குவெரியின் கட்டமைப்பைச் சேர்ந்தவை. நீங்கள் பைண்ட் செய்த பெயர் வெறும் ஸ்ட்ரிங்காகத்தான் போகிறது. எல்லாப் பதிவுக்கும் அதே ஸ்ட்ரிங் என்றால் எதை வைத்து அடுக்குவது?

எஸ்கேப் உதவாததற்குக் காரணம், அந்த இடத்தில் மேற்கோளே கிடையாது. தாக்குபவருக்கும் அது தேவையில்லை. ஒரு கேஸ் வென் துண்டு போதும்: நிர்வாகியின் கடவுச்சொல் ஹாஷில் (மாற்றிச் சேமித்த வடிவம்) முதல் எழுத்தின் ஆஸ்கி எண் 64-ஐவிடப் பெரிதென்றால் விலைப்படி, இல்லையென்றால் தேதிப்படி. பட்டியல் எப்படி அடுக்கி வருகிறது என்று பார்த்தே, எண்ணைப் பாதி பாதியாகக் குறுக்கி, எழுத்துக்கு 7 கோரிக்கையில் முழு ஹாஷையும் உருவிவிடலாம்.

ஒரு அரே (சாவி-மதிப்புப் பட்டியல்) வையுங்கள். சாவி யூஆர்எல்லில் வரும் சொல், மதிப்பு உண்மையான நெடுவரிசைப் பெயர். சாவி இல்லையென்றால் இயல்புநிலை வரிசை. குவெரிக்குள் போகும் சொல் உங்கள் கோடில் இருப்பதாக இருக்கவேண்டும், பயனர் தட்டியதாக அல்ல. ஏஎஸ்சி, டெஸ்க் இரண்டுக்கும் இதே முறைதான்.

கடைக்கோடி:
மேலே சொன்னது சரி. கூடவே எமுலேட் ப்ரிப்பேர்ஸ் என்ற பிடிஓ அமைப்பை அணைத்துவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லுக்கு பிடிஓ அதை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. அந்த நிலையில் மதிப்புகளைக் குவெரிக்குள் பொருத்துவது பிஎச்பிதான், சர்வர் அல்ல. டிஎஸ்என்னில் (இணைப்பு விவரம் எழுதும் வரி) சார்செட்டாக (எழுத்துக் குறியாக்கம்) யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதுவதும் முக்கியம். ஜிபிகே (சீன எழுத்துகளுக்கானது) போன்ற குறியாக்கத்தில், எஸ்கேப்புக்குப் போட்ட பின்சாய்கோடு முந்தைய பைட்டோடு சேர்ந்து ஒரே எழுத்தாகி, மேற்கோள் எஸ்கேப் ஆகாமல் நின்றுவிடும். அணைத்தபின் ஒரே பெயருள்ள ப்ளேஸ்ஹோல்டரை (மதிப்புக்கான இடக்குறி) ஒரு குவெரியில் இரண்டு முறை பயன்படுத்த முடியாது. அப்படி எழுதிய இடங்களைத் தேடித் திருத்துங்கள்.

விளிம்பு:
பயனர் விரும்பும் வரிசையை டேட்டாபேஸில் சேமித்து வைக்கிறீர்களா? அதைப் படித்து எடுத்து ஒட்டும்போதும் இதே ஓட்டைதான். நம் டேபிளிலிருந்து வருவதுதானே என்று நம்பக்கூடாது. அரேயில் உள்ள சொல்தானா என்ற சோதனை, குவெரி கட்டும் இடத்தில் இருக்கட்டும், படிவம் வாங்கும் இடத்தில் மட்டும் போதாது. செயலி இணையும் டேட்டாபேஸ் கணக்குக்கு ட்ராப் (டேபிளை அழிப்பது), ஃபைல் (சர்வர் கோப்புகளைத் தொடுவது) உரிமைகளையும் கொடுக்காதீர்கள்.

தறி84:
அரே முறைக்கு மாற்றிவிட்டேன், மிக்க நன்றி. இன் (IN) பட்டியலுக்கு, அதாவது பல மதிப்புகளில் ஏதாவது ஒன்றா என்று பார்க்கும் இடத்துக்கு, என்ன செய்வது?

நூலிழை:
அவை மதிப்புகள், பைண்ட் செய்யலாம். எண்ணிக்கைக்கு ஏற்பக் கேள்விக்குறிகளைக் காற்புள்ளியிட்டுச் சேருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் குவெரியையே ஓட்டாமல் திரும்பிவிடுங்கள்; வெற்று அடைப்புக்குறியை மைஎஸ்கியூஎல் ஏற்காது.