பென்சில் எழுத்து அழியுமா, அழியாதா?

கரிக்கோலன்:
தினமும் எழுத எது வசதி என்று புதியவர் ஒருவர் கேட்டதற்கு, நண்பர் மைக்கூடு நேற்று எழுதிய பதில் இது: "பென்சில் குழந்தைகளுக்கு. எழுத்தை மதிப்பவன் மைப்பேனா பிடிப்பான். பென்சிலில் எழுதியது ஆறே மாதத்தில் அழிந்துபோகும்." முதல் இரண்டும் அவர் ரசனை, வைத்துக்கொள்ளட்டும். மூன்றாவது பச்சைப் பொய். பென்சிலுக்குள் இருப்பது கிராபைட்டும் களிமண்ணும். கிராபைட் என்பது கார்பன். வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது. இருபது வருடமாக நாட்குறிப்பை 2பி பென்சிலில்தான் எழுதுகிறேன். முதல் நோட்டை இன்று காலை எடுத்துப் பார்த்தேன், ஒரு புள்ளிகூடப் போகவில்லை. இந்த ஆறு மாதக் கணக்கு எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லட்டும்.

மைக்கூடு:
வந்துவிட்டாரா! ஐயா, பெரிய ரசாயனம் எல்லாம் வேண்டாம். ஒரு ரப்பரை எடுத்து அந்த நாட்குறிப்பின் மேல் நாலு தேய் தேயுங்கள். அழியுமா, அழியாதா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

கரிக்கோலன்:
உங்கள் நோட்டின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள். நீங்கள் போன மாதம் படம் பிடித்துப் போட்ட அந்த நீல மை, கழுவினால் துணியிலிருந்தே போகிற மை. புட்டியிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அழியுமா, அழியாதா?

நீலமுனை:
இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசுகிறீர்கள். ரப்பரால் அழிப்பது ஒன்று, நாள்பட மங்குவது ஒன்று, கைபட்டு ஈஷிக்கொள்வது இன்னொன்று. எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நான் சாதா பால்பாயின்ட். மூடியைத் திற, எழுது, மூடு.

மைக்கூடு:
நீலமுனை சார், நடுவில் வராதீர்கள். அழிவது என்றால் அழிவதுதான், அதற்கு அகராதி தேவையில்லை.

நீலமுனை:
சார் இல்லை, மேடம். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

புதியவன்:
கேள்வி கேட்டவன் நான்தான். ஒரு நாளைக்கு நான்கைந்து பக்கம் எழுதுகிறேன், விரல் வலிக்கிறது. எது வாங்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

கரிக்கோலன்:
சொல்கிறேன் தம்பி, இந்த விஷயம் முடியட்டும். "பென்சில் குழந்தைகளுக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1795-இல் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் கிராபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுக் காப்புரிமை வாங்கினார். அப்போது போர்க்காலம், இங்கிலாந்திலிருந்து நல்ல கிராபைட் வரவில்லை. அந்த இக்கட்டில் பிறந்ததுதான் நாம் இன்று வைத்திருக்கும் பென்சில். களிமண் கூடினால் கடினம், அது எச் வரிசை. கிராபைட் கூடினால் கறுப்பு, அது பி வரிசை. 4எச்சிலிருந்து 4பி வரை நான் விரும்பிய அழுத்தத்தை, விரும்பிய கறுப்பை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பேனாவில் ஒரே முள், ஒரே கோடு. பழைய ஏடுகளைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகங்களின் வாசிப்பறைகளில் பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலை மட்டும் அனுமதிப்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் குழந்தைகளா?

மைக்கூடு:
நன்றி. எனக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள். ஏன் பென்சிலை அனுமதிக்கிறார்கள்? தவறிப்போய் ஏட்டில் கோடு விழுந்தாலும் அழித்துவிடலாம் என்பதால்தானே? அழியும் என்று காப்பகமே ஒப்புக்கொள்கிறது. நீங்கள் மட்டும்தான் பாக்கி.

இடக்கையாள்:
இந்த அடி நல்ல அடி. :)

கரிக்கோலன்:
இடக்கையாள், உங்களை நான் நடுநிலையாளர் என்று நினைத்திருந்தேன். சரி. ரப்பரால் தேய்த்தால் போகும், யார் இல்லை என்றது? தேய்க்காமல் போகுமா என்பதுதான் கேள்வி. அவர் எழுதியது "அழிந்துபோகும்". "அழிக்கலாம்" என்றா எழுதினார்? தன்வினை பிறவினை தெரியாதவரோடு எனக்கு என்ன விவாதம்?

மைக்கூடு:
இலக்கணத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார். பென்சில் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆறு மாதம் அலையுங்கள். எதிர்ப் பக்கத்தில் உரசி உரசி முழுப் பக்கமும் சாம்பல் பூத்துக் கிடக்கும். அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

தூவல்நேசன்:
இலக்கணம் என்று வந்ததால் ஒரு வார்த்தை. பேனா, பென்சில், ரப்பர் என்று எழுதுகிறீர்களே, தூவல், கரிக்கோல், அழிப்பான் என்று அழகான சொற்கள் இருக்கின்றன. கரிக்கோலன் என்று பெயர் வைத்துக்கொண்டு வரிக்கு வரி "பென்சில்" என்று எழுதுவது வேடிக்கை.

கரிக்கோலன்:
பெயர் என் விருப்பம், வரி என் வசதி. உங்கள் "தூவல்" இறகிலிருந்து வந்த சொல். இப்போது எந்தப் பறவையின் இறகில் எழுதுகிறீர்கள்?

தூவல்நேசன்:
உங்கள் பென்சிலில் ஈயமே இல்லை, ஆனாலும் ஆங்கிலத்தில் இன்னும் அதை ஈயம் என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் சிலர் "ஈயக்குச்சி" என்கிறார்கள். அவர்களை முதலில் திருத்துங்கள், பிறகு இறகுக்கு வரலாம்.

மைக்கூடு:
நான் ஏன் மைப்பேனா என்பதைச் சொல்லிவிடுகிறேன், புதியவருக்கும் உதவும். பேனாவைத் தாளில் வைத்தால் போதும், அழுத்த வேண்டாம். முள்ளின் நடுக் கீறல் வழியாக மை தானாக இறங்கும், இறங்கிய அளவுக்கு, முள்ளுக்கு அடியில் மை ஊட்டும் நாக்கின் காற்றுக்கால் வழியாகக் காற்று உள்ளே ஏறும். வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் 1884-இல் காப்புரிமை வாங்கிய நாக்கும் இதே தத்துவம்தான். ழ-வின் அடிச்சுழி, ண-வின் மூன்று வளைவு எல்லாம் கையைத் தூக்காமல் ஒரே ஓட்டத்தில் வரும். பென்சிலில் நாலு வரி எழுதினால் முனை மழுங்கும், ஐந்தாவது வரி கோழி கிளறின மாதிரி இருக்கும். சீவி உட்கார்ந்தால் யோசித்தது மறந்துபோகும். விரல் வலிக்கு இதுதான் மருந்து. அப்புறம் முக்கியமானது: எழுதியது அழியாது.

நீலமுனை:
முனை மழுங்குவதற்குத்தான் 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் இருக்கிறதே. எழுத எழுத உள்ளே குச்சியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் குருடோகா என்ற பென்சில் 2008-இல் வந்துவிட்டது. எனக்கு அதுவும் வேண்டாம், ஆனால் இல்லாத குறையைச் சொல்லாதீர்கள். உங்கள் பேனா உயரே ஏறினதும் மை கக்கின கதையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மைக்கூடு:
அது விமானத்தில். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து, உள்ளே இருந்த காற்று விரிந்து மையைத் தள்ளியது. பேனாவின் குற்றமில்லை, இயற்பியலின் குற்றம்.

கரிக்கோலன்:
என் பென்சிலுக்கு இயற்பியல் தெரியாது போலும், ஒரு நாளும் கக்கியதில்லை.
"எழுதியது அழியாது" என்று கடைசி வரியில் நைசாக நுழைத்ததைப் பார்த்தேன். சாய மை வெயிலில் வெளுக்கும். ஜன்னல் பக்கம் ஒட்டிவைத்த குறிப்பை எடுத்துப் பாருங்கள். கார்பன் வெளுக்காது. கார்பன் வெளுக்காது. இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

மைக்கூடு:
சாய மையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்த மை என்று ஒன்று உண்டு. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு மசியாது. ஆயிரம் வருடத்துக்கு மேல் மனிதர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள். கேள்விப்பட்டதுண்டா?

கரிக்கோலன்:
கேள்விப்பட்டதோடு நிற்கவில்லை, மீதிக் கதையும் தெரியும். நாளாக ஆகப் பழுப்பாகும். அமிலம் அதிகமானால் தாளையே தின்று எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும். எழுத்தோடு தாளும் சேர்ந்து அழிவதைத்தான் "அழியாத மை" என்கிறார் நம் நண்பர். பிரமாதம்.

மைக்கூடு:
பழைய காலத்துக் கலவைக்கு அது. இன்றைக்குப் பேனாவுக்கென்று செய்வது மிதமானது. அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து நிற்பது உமக்குப் பழக்கம். எச்.பி.யும் எஃப்பும் ஒன்று என்று போன மாதம் சாதித்தவர்தானே நீர்?

கரிக்கோலன்:
ஒன்று என்று சொல்லவே இல்லை! எஃப் என்பது எச்.பி.க்கும் எச்சுக்கும் நடுவில் என்று எனக்குத் தெரியும். கையில் பிடித்தால் வித்தியாசம் தெரியாது என்றுதான் சொன்னேன். பழைய பதிவைத் தேடி எடுத்துப் போடுங்கள். போட முடியாது. ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை.

வானளந்தான்:
இந்தச் சண்டைக்கு விண்வெளியிலேயே தீர்ப்பு வந்துவிட்டதே! அமெரிக்கர்கள் கோடிக் கோடியாகக் கொட்டி அங்கே எழுதும் பேனா செய்தார்கள். ரஷ்யர்கள் பேசாமல் பென்சிலை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கரிக்கோலன்:
இது ஒன்றே போதும்.

மைக்கூடு:
போதாது, அது கட்டுக்கதை. முதலில் அமெரிக்கர்களும் பென்சில்தான் கொண்டுபோனார்கள். ஒடிந்த முனையும் தூளும் எடையில்லாத இடத்தில் மிதக்கும், கிராபைட் மின்சாரம் கடத்தும், கருவிக்குள் போனால் ஆபத்து. ஃபிஷர் என்பவர் 1960-களில் தன் சொந்தக் காசில் அழுத்தமூட்டிய பேனாவைச் செய்தார். 1968-இல் அப்பல்லோ 7-இல் அது போனது. பிறகு ரஷ்யர்களும் அதையே வாங்கினார்கள். பென்சிலைத் தூக்கிப்போட்டுவிட்டு.

நீலமுனை:
அந்தப் பேனா பால்பாயின்ட் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கரிக்கோலன்:
ஆமாம், மைப்பேனா இல்லையே! நாக்கு, காற்றுக்கால் எல்லாம் அங்கே வேலைக்கு ஆகவில்லையோ?

மைக்கூடு:
நான் பூமியில் எழுதுகிறேன்.

நீலமுனை:
இரண்டு பேரும் பால்பாயின்ட்டை ஏதோ விருந்துக்கு வந்த அந்நியன் மாதிரி நடத்துகிறீர்கள். பால்பாயின்ட்டைச் செய்த பிரோ 1938-இல் காப்புரிமை வாங்கும்போது தீர்க்க நினைத்தது உங்கள் இரண்டு பேரின் தொல்லையைத்தான். பத்திரிகை மை சட்டென்று காய்கிறது, பேனா மை காயவில்லையே என்று பார்த்தார். அந்தக் கெட்டி மை முள்ளில் ஓடாது என்பதால் முனையில் உருண்டையை வைத்தார். இப்போது வரும் இளகின எண்ணெய் மையில் அழுத்தவும் தேவையில்லை.

இடக்கையாள்:
வலக்கைக்காரர்கள் நிம்மதியாகச் சண்டை போடுங்கள். நான் இடமிருந்து வலமாக எழுதும்போது முள்ளைத் தள்ளிக்கொண்டு போகிறேன், என் கையே பின்னால் வந்து ஈர மையைத் துடைக்கிறது. பென்சில் என்றால் உள்ளங்கை ஓரம் வெள்ளி மாதிரி மின்னும். ஒரு தடவை ரப்பர் முனையால் தேய்த்தால் மறையும் ஜெல் பேனா ஒன்று வாங்கினேன். சூட்டில் நிறம் போகிற மை அது. வெயிலில் நின்ற காருக்குள் நோட்டை மறந்துவிட்டேன். மாலையில் திறந்தால் முப்பது பக்கமும் வெள்ளை. நோட்டைப் பாலிதீன் பையில் சுற்றி உறைபெட்டியில் ஒரு ராத்திரி வைத்தேன், ஏறக்குறைய எல்லாம் லேசாகத் திரும்பி வந்தது. உறைபெட்டியில் கண்டெடுத்த கூட்டக் குறிப்பு என்று அலுவலகத்தில் இன்றும் சிரிக்கிறார்கள்.

கரிக்கோலன்:
குறித்துக்கொள்ளுங்கள், மை அழிந்திருக்கிறது.

மைக்கூடு:
குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்திருக்கிறது. உங்கள் ரப்பர் தின்றது எந்த உறைபெட்டியிலிருந்து திரும்பி வரும்? அதோடு அதை மை என்று நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தூவல்நேசன்:
"உறைபெட்டி" என்று எழுதிய இடக்கையாளுக்கு வாழ்த்து.

புதியவன்:
இன்னும் நான் காத்திருக்கிறேன். விரல் வலி.

கரிக்கோலன்:
தம்பி, அவசரப்படாதீர்கள். 2பி, கொஞ்சம் பருமனான முக்கோணக் கட்டை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும். ஆறு மாதம் என்று சொன்னது தவறு என்று அவர் ஒரு வரி எழுதட்டும், நான் இந்த இழையிலிருந்தே விலகுகிறேன்.

புதியவன்:
எனக்கு வயது 58, தம்பி என்று கூப்பிடுவது சரியா என்று யோசியுங்கள்.

கரிக்கோலன்:
எனக்கு 63. தம்பிதான்.

மைக்கூடு:
63 வயதில் பென்சில் சீவுகிறார். நான் எழுத மாட்டேன் ஐயா, அந்த ஒரு வரி. ஆறு மாதம் என்றேன், வேண்டுமானால் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரிக்கோலன்:
எட்டா! ஏலம் போடுகிறாரா? இருபது வருட நோட்டு என் மேசை மேல் இருக்கிறது. சரி, சோதித்தே பார்ப்போம். இன்று ஒரே தாளில் பாதி பென்சில், பாதி உங்கள் நீல மை. ஜன்னலில் ஒட்டுகிறேன். ஆறு மாதம் கழித்துப் படம் போடுகிறேன்.

மைக்கூடு:
உங்கள் ஜன்னலில், உங்கள் கையால், என் மையா? எந்த மையைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? மாசிக்காய் மையில் எழுதினால் சம்மதம்.

கரிக்கோலன்:
தாளில் ஓட்டை விழுந்தால் பொறுப்பு யாருடையது?

நீலமுனை:
பால்பாயின்ட்டிலும் ஒரு வரி எழுதுங்கள்.

மைக்கூடு:
நீலமுனை சார், நடுவில் வராதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

நீலமுனை:
மேடம்.