வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்ப்பவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, பிரஷர், சுகர் மாத்திரையை வாசலில் கொடுக்கும் திட்டம் என்றுதான் எங்கள் ஊரில் நினைத்தோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள் என்று மாத்திரை கொண்டுவரும் அக்காதான் சொன்னார். பெயரையும் அவரே எழுதிக்கொண்டு போனார்.

நர்ஸம்மா வந்ததும் எங்களிடம் விசாரிக்கவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கட்டுங்களா?" என்று கேட்டு, அவர் கண்ணசைத்த பிறகுதான் தொட்டார். இடுப்புக்குக் கீழே லேசாகச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். அந்த இடம் வெளுக்கவில்லை. "படுக்கைப்புண் இப்படித்தான் ஆரம்பிக்கும். இதை மட்டும் தேய்ச்சு விடாதீங்க" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இழுக்காமல் துணியோடு தூக்கி நகர்த்த வேண்டும், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். சொன்னதோடு விடவில்லை, அம்மாவைச் செய்யச் சொல்லி, சரியாக வரும்வரை பக்கத்திலேயே நின்றார். இதைத்தான் நான் பெரிய திறமை என்பேன். அவர் போன பிறகு பார்த்துக்கொள்ளப் போவது அம்மாதானே!

*

எங்கள் மாமியாருக்கும் பக்கவாதம்தான். சாப்பிடும்போது புரையேறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த நர்ஸ் தங்கச்சி அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, நல்ல பக்கமாகச் சின்னக் கரண்டியில் கஞ்சி கொடுத்துக் காட்டினார். விழுங்கியாச்சா என்று பார்த்துதான் அடுத்த வாய். பிறகு டாக்டரிடமும் காட்டச் சொன்னார்.

*

நாங்கள் கோழிக்கோட்டில் இருக்கிறோம். 2008-லேயே கேரள அரசு தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் சிரமத்தையும் குறைக்கும் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று கொள்கை கொண்டுவந்தது, அதனால் வீட்டுக்கு வந்து பார்ப்பது இங்கே புதிதில்லை. அம்மாவுக்கு மறதி நோய். வருகிற நர்ஸ் ஒருநாளும் "நான் யாரு, தெரியுதா?" என்று சோதித்ததில்லை. தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அம்மாவுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. திருப்பும்போது முகம் சுளிப்பதை வைத்தே தோள்பட்டை வலியைக் கண்டுபிடித்தார்.

அப்புறம் ஒன்று, இப்படி வீட்டுக்கு வரும் நர்ஸ்களுக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் அதிகம். இன்னும் ஆள் போட்டால்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.