எங்க ஊரில் திங்கள்கிழமைதான் காய்ச்சல் பிறக்கும்

காய்ச்சல் கணக்கெடுப்பில் செய்த தப்புகளை எல்லாரும் சொல்கிறார்கள், நானும் என் கதையைச் சொல்லிடுறேன். அம்பாசமுத்திரம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர் வேலை. ஊரில் யார் யாருக்குக் காய்ச்சல் மாதிரி நோய் என்று எழுதுகிற எஸ் படிவத்தை வாராவாரம் தாளில் எழுதிக் கொடுத்த காலத்திலிருந்து, 2021ல் ஐஹெச்ஐபி என்ற அரசு இணையதளம் வந்து செல்போனில் ஏற்றுகிற இன்றைக்கு வரை ஒரே தப்பைத்தான் செய்துவந்தேன். 'காய்ச்சல் தொடங்கிய நாள்' என்ற கட்டத்தில் நான் அந்த வீட்டுக்குப் போன நாளையே போட்டுவிடுவேன். எத்தனை நாளா காய்ச்சல் என்று கேட்டால் "ரெண்டு மூணு நாளா இருக்கும் நர்ஸம்மா" என்பார்கள், அதற்கு எந்தத் தேதியைப் போடுவது, இன்னும் முப்பது வீடு பாக்கி கிடக்கும்.

மீட்டிங்கில் திட்டு வாங்கினால் ரெண்டு வாரம் ஒழுங்காக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதைதான். புதிதாக வந்த டாக்டரம்மா திட்டவில்லை. என் ரிஜிஸ்டரை வாங்கி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தெருவாரியாகப் புள்ளி வைத்துக் காட்டினார். நான் திங்கள் போகிற தெருவில் எல்லாருக்கும் திங்கள் காய்ச்சல், வியாழன் போகிற தெருவில் வியாழன் காய்ச்சல். "நீங்க போற வழியிலயே கொசுவும் வருதா சிஸ்டர்?" என்று சிரித்தார். எனக்கு மூஞ்சியே செத்துப்போச்சு.

2012ல், அப்போது எங்க மாவட்டத்திலேயே இருந்த கடையநல்லூரில் டெங்கு ஆடின ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். டெங்குவா என்று பார்க்க, காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1 என்ற ரத்த டெஸ்ட், அதற்குமேல் ஐஜிஎம் என்ற டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் போடுகிற தேதியை வைத்துத்தான் எந்த டெஸ்ட் என்று முடிவாகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது தேதியே கேட்பதில்லை. பீடி சுற்றுகிற ஆச்சியிடம், "கடைக்குப் பீடி கொண்டு போன அன்னைக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?" என்றேன். "அன்னைக்கு நல்லாத்தான இருந்தேன் தாயி, செவ்வாக்கிழமை கோயில் கொடை பாத்துட்டு வந்து படுத்தேன்லா, அன்னைக்கு ராத்திரிதான் குளிரு தூக்கிப் போட்டுச்சு." கொடையிலிருந்து எண்ணினால் ஆறாவது நாள்! பழைய பழக்கத்தில் விட்டிருந்தால் முதல் நாள் என்று எழுதியிருப்பேன்.

காய்ச்சலே இல்லாத வாரத்தில் பூஜ்யம் போடுவதற்கு மட்டும் இன்னும் கை கூசுகிறது. முன்னெல்லாம் பூஜ்யம் போட்டால் "ஃபீல்டுக்கே போகலியோ?" என்று போன் வரும், அதற்குப் பயந்தே ரெண்டு என்று எழுதிய வாரங்களும் உண்டு.